அறுபது பெட்டி சடாமாஞ்சில்

வியன்னாவில் இருக்கும் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. 1980-ல் வாங்கினார்கள், 1985-ல் படித்து அச்சிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கிரேக்க எழுத்து. முன்பக்கத்தில் ஒரு வணிகக் கடன் ஒப்பந்தம். செங்கடல் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றி, காவலோடு பாலைவனம் கடந்து கோப்டோஸ் நகரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நைல் நதி வழியா அலெக்சாண்ட்ரியா சேர்க்கணும், நாலில் ஒரு பங்கு வரி கட்டணும், இப்படிப் போகிறது. அதில் முசிறியின் பெயர் வருவதால் ‘முசிறி பாப்பிரஸ்’ என்கிறோம். பின்பக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு.

நம்ம ஆட்கள் இந்தப் பாப்பிரஸைப் பற்றிப் பேசினால் பேச்சு நேரா மிளகுக்கும் யானைத் தந்தத்துக்கும்தான் போகும். சேரர் துறைமுகம் ஆச்சே. ஆனா பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: கங்கை நார்டு, 60 பெட்டி. பெட்டி ஒன்றுக்கு 4,500 திராக்மா, ஆக மொத்தம் 45 தாலந்து. சரக்காகவே நாலில் ஒரு பங்கை அரசு வரியாக எடுத்த பிறகு மிஞ்சியதுதான் இந்த 60, கப்பலில் வந்தது 80 பெட்டி என்று அண்மைக் கால ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்த நார்டு முசிறியில் விளைந்தது இல்லை. கேரளத்திலோ தமிழகத்திலோ எங்கேயும் விளையாது. இமயமலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேலே, மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் முளைக்கிற ஒரு சின்னச் செடி அது. நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் போய் ‘சடாமாஞ்சில்’ என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதேதான். குளியல் பொடியிலும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயிலும் போடுவோம்.

சுமார் 1,900 ஆண்டுக்கு முன்னால் முசிறியில் கப்பல் ஏறிய அதே சரக்கு இன்றைக்கும் அதே மலையில் இருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு இறங்கும் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

கதிரா, சடையா?

முதலில் பெயர். கிரேக்கர்கள் இதை ‘நார்டோஸ்’ என்றார்கள். சமஸ்கிருதத்தின் ‘நலத’ என்ற சொல் பாரசீகம், எபிரேயம் வழியாகப் போய் இப்படி ஆனது என்பது மொழியியலாளர்கள் கருத்து. தமிழ் பைபிளில் ‘நளதம்’ என்று வருவதும் இதுவே. இயேசுவின் மேல் ஒரு பெண் தைலம் ஊற்றுகிற இடம் நினைவிருக்கும்.

செடியின் தரைக்கடியில் விரல் பருமனுக்கு ஒரு தண்டு கிடக்கும். பேச்சு வழக்கில் அதை வேர் என்றே சொல்லிவிடுகிறோம். ஆண்டுதோறும் உதிரும் இலைகளின் அடிக்காம்புகள் நார் நாராகப் பிரிந்து அந்தத் தண்டைச் சுற்றி மூடிக்கொள்ளும். பார்க்க எலிவால் மாதிரி, செம்பட்டை மயிர் மாதிரி இருக்கும். வாசனை இந்தத் தண்டில்தான்.

வாங்கினவர்கள் எல்லாரும் இதைத் தானியக் கதிராகப் பார்த்தார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்டாகிஸ்’, லத்தீனில் ‘ஸ்பைக்கா’, அரபியில் ‘சுன்புல்’, மூன்றுக்கும் பொருள் கதிர். ஆங்கிலத்தின் ‘ஸ்பைக்நார்டு’ அங்கிருந்து வந்தது. இந்தியாவில் கதிர் என்று யாரும் சொல்லவில்லை, சடை என்றார்கள்: ஜடாமாம்சி, தமிழில் சடாமாஞ்சில். மேற்கு நேபாளத்தின் கர்ணாலிப் பகுதியில் ‘புல்த்யா’ என்ற பெயரும் உண்டு. திபெத்திய மொழி பேசும் டோல்போ மக்கள் ‘பாங்போ’ என்கிறார்கள், புல்வெளித் தூபம் என்று பொருள். மற்ற பெயர்கள் எல்லாம் பறித்துக் காயவைத்த சரக்கைப் பார்த்து வைத்தவை. டோல்போக்காரர் வைத்த பெயரில் மட்டும்தான் செடி வளர்கிற இடம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்க, பின்னால் தேவைப்படும்.

இமயத்தில் இருந்து முசிறிக்கு

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ இந்த வழியை ஓரளவு காட்டுகிறது. நார்டு இந்தியாவிலிருந்து மூன்று வாசல் வழியாக வெளியே போனது. ஒன்று சிந்து நதி முகத்துவாரத்தில் இருந்த பார்பாரிகான். இரண்டு பரிகாசா, அதாவது குஜராத்தின் பரூச். அங்கே வடமேற்கு மலைகளின் நார்டு புஷ்கலாவதி வழியாக வந்தது. மூன்றாவது நம்ம பக்கம். முசிறியிலும் நெல்கிந்தாவிலும் கிடைக்கும் பொருள்களில் மிளகு, முத்து, தந்தம், பட்டு இவற்றோடு கங்கை நார்டையும் அவர் பட்டியலிடுகிறார்.

கங்கைச் சரக்கு மேற்குக் கடற்கரைக்கு எப்படி வந்தது? கங்கை முகத்துவாரத்தில் இருந்த ஒரு சந்தையையும், அங்கே கிடைத்த நார்டு, மெல்லிய பருத்தித் துணி, முத்து ஆகியவற்றையும் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. சோழக் கரைத் துறைமுகங்களில் இருந்து கங்கைக்கும் கிழக்கு நாடுகளுக்கும் பெரிய கப்பல்கள் போனதையும் சொல்கிறது. பட்டினப்பாலை புகார் நகரத் தெருவில் குவிந்து கிடந்த பொருள்களைச் சொல்லும்போது கங்கைப் பக்கத்து விளைபொருளையும் சேர்த்தே சொல்கிறது. ஆக, இமயத்தில் பிடுங்கின தண்டு ஆற்று வழியாகக் கங்கை முகத்துக்கு வந்து, கடல் வழியாகத் தமிழ்க் கரைக்கு இறங்கி, குமரிமுனையைச் சுற்றியோ பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ மேற்கே போய், முசிறியில் ரோமானியர் கப்பலில் ஏறியிருக்கிறது. தமிழ் வணிகர்கள் இதில் விளைவித்தவர்களும் இல்லை, கடைசியாக வாங்கினவர்களும் இல்லை. நடுவில் நின்று கைமாற்றினவர்கள். சரக்குக்கு ‘கங்கை’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது, அது பிறந்த மலைக்குக் கணக்கில் பெயரே இல்லை.

விலை? எகிப்தின் நாலு திராக்மா ஒரு ரோமானிய தினாருக்குச் சமம். அப்போ ஒரு பெட்டி 1,125 தினார். ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் ஒரு தினார் என்று பைபிள் உவமை ஒன்று சொல்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்கணும். முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, நார்டு கதிர் ஒரு பவுண்டு 100 தினார் என்கிறார். அதே நூலில் கருமிளகு ஒரு பவுண்டு 4 தினார். மிளகைப் போல 25 மடங்கு! இயேசுவின் மேல் ஊற்றிய தைலத்தை 300 தினாருக்கு விற்றிருக்கலாமே என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தது சும்மா இல்லை.

விலை இருக்கும் இடத்தில் கலப்படமும் இருக்கும். பிசின் தடவுவார்கள், எடை கூட அஞ்சனக்கல் தூள் தூவுவார்கள், கோரைக்கிழங்கு மாதிரி வேறு வேர்களைக் கலப்பார்கள் என்று பிளினி எச்சரிக்கிறார். டயாஸ்கொரிடிஸ் என்ற மருத்துவரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். எப்படிப் பார்த்து வாங்கணும் என்று இரண்டு பேரும் விளக்கமா எழுதியிருக்கிறார்கள். யார், எந்த மலையில், எந்த மாதத்தில் பிடுங்கினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு நீதிபதியும் ஒரு டாக்டரும்

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான நிலை. நார்டு என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும், மருந்துக் கடையில் காய்ந்த சரக்கும் உண்டு, ஆனா அது எந்தச் செடி என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. லின்னேயஸ் 1753-ல் ஒரு வாசனைப் புல்லுக்கு நார்டுஸ் என்று பெயர் வைத்தார். இன்று சிட்ரோனெல்லா எண்ணெய் எடுக்கிறோமே, அந்த இனம். கில்பர்ட் பிளேன் என்ற டாக்டர் 1790-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், பழங்கால நார்டு ஒரு புல்தான் என்று வாதிட்டார். அவத் நவாபின் வேட்டைக் கூட்டத்து யானைகள் மிதிக்க மிதிக்கக் காடே மணத்ததாம், அந்தப் புல்லை அவருடைய சகோதரர் லக்னோவிலிருந்து அனுப்பியிருந்தார். அலெக்சாண்டரின் படை பாலைவனத்தில் நார்டை மிதித்து நடந்தது என்று பழைய வரலாற்றில் இருக்கிறது இல்லையா, அதோடு இது பொருந்துகிறது என்றார்.

அதே 1790-ல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸின் கட்டுரை வந்தது. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சொல்லிப் புகழ்பெற்றாரே, அவர்தான். வேலை, உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் காட்டுக்குப் போகவில்லை, சாட்சி விசாரித்தார். அரபு மருத்துவ நூல்கள் நார்டை ‘சுன்புல்’ என்கின்றன. வங்காளத்து ஹக்கீம்களிடம் சுன்புல் கேட்டால் என்ன எடுத்துத் தருகிறார்கள்? ஜடாமாம்சி. வைத்தியர்களிடம் கேட்டாலும் அதே பதில். அப்போ பழங்கால நார்டு இதுதான் என்று தீர்ப்பு. தீர்ப்பு சரி. பொருளின் அடையாளம் புத்தகத்தில் தொலைந்துபோனாலும் கடைத்தெருவில் தொலையவில்லை என்பதை அவர் பிடித்துக்கொண்டார்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. தீர்ப்பு சரியா இருந்தும், கையில் கிடைத்த செடி தவறு. பூட்டானில் இருந்து வரவழைத்த செடி நெருங்கிய உறவான வேறொன்று, நாம் தகரை என்று சொல்லும் வலேரியன் வகை. அதை வைத்தே அவர் ‘வலேரியானா ஜடாமான்சி’ என்று பெயர் சூட்டினார். உண்மையான செடியை நேபாள மாதிரிகளைக் கொண்டு டேவிட் டான் 1825-ல் விவரித்தார். இன்று அது ‘நார்டோஸ்டாகிஸ் ஜடாமான்சி’. தாவரவியலில் முதலில் வைத்த பெயருக்கு உரிமை என்ற விதி இருப்பதால் ஜோன்ஸ் வைத்த பெயரும் அழியவில்லை. விளைவு, இன்றைக்கும் ‘ஜடாமான்சி’ என்ற அறிவியல் பெயரோடு இரண்டு வேறு செடிகள் உண்டு. சந்தையிலும் இரண்டும் கலக்கின்றன. ‘பூத்கேசி’ என்ற மூன்றாவது ஒரு வேரும் சேர்கிறது. பிளினி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

செடியின் கணக்கு

இனி மலைக்குப் போவோம். ஒரு இலையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், ஒரு காயைப் பறித்தால் அடுத்த ஆண்டு காய்க்கும். தரைக்கடித் தண்டைப் பிடுங்கினால் செடி போச்சு. சடாமாஞ்சில் வியாபாரத்தின் அடிப்படைச் சிக்கல் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. பனி உருகி மறுபடி பனி விழுவதற்குள் கிடைக்கிற சில மாதத்தில் மட்டுமே வளரும் செடி, பிடுங்கும் அளவுக்குத் தண்டு பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். காய்ந்தால் விரல் நீளம்கூட இல்லாத துண்டு. ஒரு கிலோ சேர்க்க எத்தனை செடி போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எண்ணெயாக வடித்தால் நூறு கிலோ காய்ந்த வேருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

அப்படியென்றால் இரண்டாயிரம் ஆண்டாகப் பிடுங்கியும் எப்படி மிஞ்சியது? எனக்குத் தோன்றும் விடை, மனிதர்களின் நல்ல மனசு இல்லை, சுமை. மேற்கு நேபாளத்தின் ஹும்லா, ஜும்லா, முகு, டோல்பா பகுதிகளில் சரக்கு ஆட்டின் முதுகில் போனது. ஒரு ஆடு தூக்கும் எடை சில கிலோ. அந்த ஆடுகளுக்கும் முக்கிய வேலை மூலிகை இல்லை. வடக்கே திபெத்தில் இருந்து உப்பு, தெற்கே தாழ்வாரத்தில் இருந்து தானியம், இந்த மாற்று வியாபாரம்தான் அங்கே சோறு போட்டது. மூலிகை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போன சரக்கு. தெற்கே நேபாள்கஞ்ச் சந்தை வரை நடந்தே இறங்கணும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு உடைந்தது. 1959-க்குப் பிறகு திபெத் எல்லை இறுகியது. இந்தியக் கடல் உப்பு மலிவாக மலையேறியது, திபெத் உப்புக்கு மவுசு போனது. கம்பளி, உப்பு, தானியம் என்று சுற்றிக்கொண்டிருந்த குடும்பங்களுக்குக் கையில் காசு வர இருந்த சில வழிகளில் மூலிகை முன்னுக்கு வந்தது. விமான இறங்குதளங்கள் வந்தன. அரிசி ஏற்றி மேலே போகும் விமானம் திரும்பும்போது காலியாக வராமல் மூலிகை மூட்டையோடு வரலாம். ஜும்லாவுக்கு மோட்டார் சாலை போனது இந்த நூற்றாண்டில். அந்தப் பக்கம் சுமை என்ற வேலி விழ, இந்தப் பக்கம் இந்தியாவில் ஆயுர்வேதத் தயாரிப்புகள் வைத்தியர் வீட்டை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டன. அரண்மனைக்கும் கோயிலுக்கும் போன பொருள் ஷாம்பு பாட்டிலுக்குப் போனது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் இறங்கத் தொடங்கியது.

தடை போட்டால் தீருமா?

1997-ல் ஹராரேயில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் இந்தியாவின் முன்மொழிவுப்படி சடாமாஞ்சில் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. கூடவே கடுகுரோகிணியும். இரண்டாம் பட்டியல் என்றால் வியாபாரத்துக்குத் தடை இல்லை. எடுப்பதால் இனம் அழியாது என்று ஏற்றுமதி செய்யும் நாடு உறுதி சொல்லி அனுமதிச் சீட்டு தரணும். சில்லறை விற்பனைக்குப் பொட்டலம் கட்டி முடிந்த பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. நேபாளம் தன் பங்குக்கு, பதப்படுத்தாத சடாமாஞ்சிலை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டது. எண்ணெயாக வடித்து அனுப்பினால் லாபம் உள்ளூரில் தங்கும் என்பது எண்ணம். 1990களில் ஹும்லாவிலேயே உள்ளூர் மக்களைப் பங்குதாரர்களாக வைத்து ஒரு வடிசாலைகூட நடந்தது.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருப்பது திறந்த எல்லை. தெற்கே வாங்க ஆள் இருக்கும்வரை மூட்டை எப்படியாவது போய்ச் சேரும். சட்டப்படி போகாத சரக்கு கணக்கில் வராது. கணக்கில் வராத சரக்கை எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, திருட்டுச் சரக்கு என்று ஆனதும் பேரம் பேசும் பலம் வாங்குபவர் கைக்குப் போகிறது. ‘இந்த விலைக்குக் கொடுக்கிறதுனா கொடு, இல்லனா நீயே எல்லை தாண்டிக் கொண்டுபோ’ என்றால் மலையில் இருப்பவர் என்ன செய்வார்? விலை குறைந்தால் அதே அரிசி வாங்க இன்னும் அதிகச் செடி பிடுங்கணும். செடியைக் காக்கப் போட்ட விதி, செடிக்கு எதிராகவே திரும்பும் வழி இதுதான்.

முழுத்தடைக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு: கோஷ்டம். இதுவும் ரோம் வரை போன சரக்கு, பெரிப்ளூஸில் இருக்கிறது. காஷ்மீர் அரசு தனியுரிமை வைத்து விற்றது, சீனாவில் தூபத்துக்குப் பெருவாரியாக வாங்கினார்கள். காட்டில் அருகிப்போய், 1985-ல் சைட்டிஸ் முதல் பட்டியலுக்கு ஏறியது. இன்று கோஷ்டம் சந்தையில் தொடர்வதற்குக் காரணம் லாஹௌல் பள்ளத்தாக்கு உழவர்கள் வயலில் பயிரிட்டதும், சீனாவில் பயிரானதும்தான். சடாமாஞ்சிலையும் அப்படிப் பயிரிடலாமே என்று கேட்கலாம். முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் அந்த உயரத்தில் வயல் வைத்திருப்பவர் யார், பல ஆண்டு காத்திருக்க முடிந்தவர் யார் என்று பார்த்தால், காட்டில் பிடுங்கிப் பிழைக்கும் நிலமில்லாத குடும்பமாக அது இருக்காது. செடி பிழைக்கும், பறித்தவர் பிழைப்பு போய்விடும்.

எத்தனை எடுக்கலாம்?

டோல்பாவில் ஷே போக்சுண்டோ தேசியப் பூங்காப் பகுதியில் சுரேஷ் கிமிரேயும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் கேள்வியைச் செடி செடியாக எண்ணிப் பார்த்தார்கள். 2005-லும் 2008-லும் ஆய்வுகள் வெளிவந்தன. சாரம் இது: ஒரு இடத்தில் உள்ளதில் 10 விழுக்காடு அளவுக்கு மட்டும், அதுவும் ஆண்டுதோறும் இல்லாமல் சில ஆண்டு இடைவெளி விட்டு எடுத்தால் தாங்கும். அதைத் தாண்டினால் சரிவு. புல்வெளிக்கு ஒரு விடை, பாறைச் சரிவுக்கு வேறு விடை. ஒரே அளவை நாடு முழுக்க எழுதி வைக்க முடியாது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. அங்கே ‘ஆம்சி’ என்று திபெத்திய மரபு வைத்தியர்கள் இருக்கிறார்கள். எந்தச் சரிவில் எது முளைக்கும், எப்போது எடுத்தால் மருந்தாகும், எதை விட்டு வைக்கணும் என்பது அவர்களுக்கு அத்துபடி. தங்கள் தேவைக்குத் தேர்ந்து கொஞ்சமாக எடுப்பார்கள். வியாபாரத்துக்குப் பறிக்க வருபவர்களில் பலர் வெளியூர். ஒரு பருவம் வருவார்கள், கண்ணில் பட்டதை எடுப்பார்கள், போய்விடுவார்கள். புல்வெளித் தூபம் என்று பெயர் வைத்தவர்களுக்கும், கதிர் என்று பெயர் வைத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மண்வெட்டி முனையில் தெரிகிறது.

விதை முற்றிக் கொட்டுவது இலையுதிர் காலத்தில். அதற்குப் பிறகு எடுத்தால் அடுத்த தலைமுறை மண்ணில் விழுந்திருக்கும், தண்டிலும் சத்து ஏறியிருக்கும். இது பறிக்கிறவர்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஏன் மழைக்காலத்திலேயே ஏறுகிறார்கள்? நான் பொறுத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரன் முந்திக்கொள்வான். காடு யாருக்கும் சொந்தமில்லை என்றால், பொறுமையாக இருப்பவன்தான் ஏமாளி. ஆக அறியாமை இல்லை சிக்கல், உரிமை. நேபாளத்தின் 1993 வனச் சட்டம் ஊர்க்காட்டை ஊர்க்குழுவின் கையில் கொடுத்தது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. இந்தச் சரிவு எங்க ஊருடையது, இந்த ஆண்டு கிழக்குப் பக்கம், அடுத்த ஆண்டு மேற்குப் பக்கம், இன்ன தேதிக்கு முன்னால் யாரும் ஏறக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்து காவல் போட்டால் பொறுமைக்குப் பலன் இருக்கும். எல்லா ஊரிலும் நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. உயரத்துப் புல்வெளிகள் பல ஊருக்குப் பொதுவானவை, எல்லை பிரிப்பதே தகராறு. மாவட்டத் தலைநகரில் உரிமம் வாங்கிக்கொண்டு வெளியாள் வந்துவிட்டால் ஊர்க் கட்டுப்பாடு செல்லாது.

காட்டு மூலிகைக்கு என்று ‘ஃபேர்வைல்ட்’ என்ற சான்று முறை இருக்கிறது. எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதோடு, பறிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும். நேபாளச் சடாமாஞ்சிலுக்கும் அதைக் கொண்டுவரும் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் சான்று என்பது கூடுதல் விலை கொடுக்க ஆள் இருந்தால் நிற்கும் வீடு. சரக்கில் பெரும்பகுதி வருவதோ இந்தியாவுக்கு. இங்கே பாட்டிலைத் திருப்பிப் பார்த்து ‘ஜடாமான்சி’ என்று படிப்போம், அது எந்த மலை என்று கேட்பவர் அரிது. 2015-ல் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல் இந்த இனத்தை ‘மிக மோசமான அழிவாபத்து’ என்ற நிலையில் வைத்தது. அந்த வகைக்கு அடுத்தது காட்டில் அற்றுப்போதல். புலியே அதற்கு ஒரு படி பாதுகாப்பான வகையில் இருக்கிறது என்று சொன்னால் அளவு புரியும்.

கணக்கில் வராத வரி

ஹெர்மாபொல்லோன் கணக்கை எழுதியவர் கவனமான மனிதர். பெட்டி எத்தனை, விலை என்ன, எல்லாம் கடைசித் திராக்மா வரை இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு வரி குறைகிறது, செடி திரும்ப வளர ஆகும் காலத்துக்கான விலை. அன்று அதை எழுதத் தேவைப்படவில்லை. ஆட்டு முதுகும் மலைப் பாதையும் அந்தச் செலவைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தன. இன்று ஆடு இல்லை, பாதை சாலையாகிவிட்டது, கணக்கு மட்டும் பழைய மாதிரியே எழுதப்படுகிறது. விதை விழும்வரை ஜும்லாவில் ஒரு குடும்பம் காத்திருக்கணும் என்றால், அந்த இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டை யாரோ கட்டணும். வாங்குபவர்கள் கட்டாவிட்டால் செடிதான் கட்டும்.

நம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இதில் குற்றவாளிகள் இல்லை. அவர்களுக்கும் மூட்டை ஏதோ ஒரு மொத்தச் சந்தையில் இருந்து வருகிறது, மூட்டையில் ஊர் பெயர் இருக்காது. ஆனால் முசிறிக் காலத்தில் இருந்து இந்தச் சங்கிலியில் நாம் நடுவில் நிற்கிறோம். நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்கும் வசதி இரண்டு பக்கமும் உண்டு. அடுத்த முறை வாங்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இது சடாமாஞ்சில்தானா, தகரையா? எந்த மலையில் இருந்து வருது? எந்த மாதத்தில் எடுத்தது? முதல் கேள்விக்கு நல்ல கடைக்காரர் முகர்ந்து பார்த்தே பதில் சொல்வார். மற்ற இரண்டுக்கும் பதில் வராது. ஒரு கடையில் நூறு பேர் கேட்டால், கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். இரண்டாயிரம் ஆண்டாக யாரும் கேட்காத கேள்வி அது.